பிரசவப் பை: எல்லையோரத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், வாக்கப்பட்டது எல்லை தாண்டி, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூத்தவன் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தான், சின்னவள் கேரளத்து ஆஸ்பத்திரியில். அதற்கப்புறம் தங்கச்சி, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று நாலைந்து பேருக்குத் துணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு முடிந்த கையோடு என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை. நான் சொல்வதும் உங்கள் டாக்டர் சொல்வதும் ஒத்துவராவிட்டால் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

பையை எப்போது கட்டி வைக்க வேண்டும்?

32 வாரம் ஆனதும் சேர்க்க ஆரம்பியுங்கள், 36 வாரத்துக்குள் கட்டி முடித்துவிடுங்கள். இரட்டைக் குழந்தை, பிரஷர், சுகர், முன்பே குறைமாதத்தில் பிறந்தது என்று ஏதாவது இருந்தால் 30 வாரத்திலேயே கட்டிவிடுவது நல்லது. டேட் என்று ஸ்கேனில் போட்டிருப்பது ஒரு கணக்குக்குத்தான். குழந்தை காலண்டர் பார்த்துப் பிறப்பதில்லை.

ஒரே பெரிய பை போதாதா?

மூத்தவனுக்கு நான் அப்படித்தான் கட்டினேன். பெரிய டிராவல் பேக். அடியில் குழந்தைத் துணி, அதற்கு மேல் என் நைட்டிகள், அதற்கும் மேல் சோப்பு, சீப்பு, பிஸ்கட். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு லேபர் ரூம் கதவு திறந்து, "குழந்தை சுத்தத் துணி குடுங்கம்மா" என்று நர்ஸ் கையை நீட்டுகிறார். எங்கம்மாவுக்குத் துணி எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவள் உள்ளே படுத்திருக்கிறேன். வராண்டா பெஞ்சு முழுக்கப் பையைக் கொட்டி, ரெண்டு நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா தேடியிருக்கிறார். கடைசியில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தன் பையிலிருந்து ஒரு துண்டு வேட்டி கொடுத்தார். என் மகன் முதலில் உடுத்தது இரவல் துணி.

பையைக் கட்டுவது நீங்கள், திறப்பது வேறொருவர். மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து தானாக வரும். அதனால் மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, லேபர் ரூமுக்கு உள்ளே கொடுப்பது: ஒரு சின்னத் துணிப்பை. அதில் குழந்தையைத் துடைக்க ஒன்று, சுற்ற ரெண்டு என மூன்று துணி, ஒரு தொப்பி, உங்களுக்கு ஒரு நைட்டி, ஒரு பேட் பாக்கெட், ஒரு உள்ளாடை, அவ்வளவே. இரண்டாவது, வார்டில் தங்கும் நாட்களுக்கானது. மூன்றாவது வீட்டிலேயே இருக்கட்டும்: டிஸ்சார்ஜ் அன்று போட வேண்டிய துணி, கூடுதல் துணி. வேண்டும்போது யாராவது கொண்டு வரலாம். துணைக்கு வரப்போகிறவரை உட்கார வைத்து, ஒருதரம் பையை அவர் கையாலேயே திறந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வார்டில் பத்துக் கட்டிலுக்கடியிலும் ஜவுளிக்கடை கட்டப்பைதான் இருக்கும், அதுவும் பாதி ஒரே கடையினுடையது. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பேரை எழுதி ஒட்டிவிடுங்கள். கேரளத்து ஆஸ்பத்திரி என்றால் மலையாளத்திலும் எழுதுங்கள்.

கர்ப்பத்தைப் பதிந்து தாய் சேய் அட்டை போட்டது கேரளத்தில். பிரசவம் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில். என்ன சிக்கல் வரும்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். நம் பக்கம் தாய்வீடு பெரும்பாலும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிரசவம் பார்ப்பதற்கு மாநிலம் தடையில்லை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் சாப்பாடும் உண்டு. சிக்கல் காகிதத்தில்தான்.

தமிழ்நாட்டில் பிக்மி எண் கேட்பார்கள். கர்ப்பத்தைப் பதிந்ததற்கான 12 இலக்க எண் அது, பிறப்புப் பதிவுக்கும் அதைத்தான் கேட்பார்கள். கேரளத்தில் ஊர் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா அக்கா மூலம் பதிந்திருந்தால் உங்கள் தாய் சேய் அட்டையில் ஆர்சிஎச் எண் என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஏழாம் மாசமே அம்மா ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிராம செவிலியரிடம் காட்டிவிடுங்கள். வலி வந்தபிறகு நம்பருக்கு அலைய முடியாது. எதிர்ப்பக்கம் போகிறவர்களும் இதே மாதிரி ஆஷாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பணம் கிடைக்கும் திட்டங்களைச் சிலர் பெரிதாக நம்புவார்கள். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு. கேரள ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு அங்கே கேட்டால் கிடைக்காது. கர்ப்பிணிகளுக்கு மத்திய அரசு தரும் மாத்ரு வந்தனா பணத்துக்கு உங்கள் அங்கன்வாடியில் கேளுங்கள்.

காகிதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. முடியாத கேஸ் என்றால் பாலக்காட்டிலிருந்து பெரும்பாலும் திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்கு, அதாவது முளங்குன்னத்துக்காவுக்கு அனுப்புவார்கள். பொள்ளாச்சியிலிருந்து என்றால் கோயமுத்தூருக்கு. ராத்திரியில் திருச்சூருக்கு உங்களுடன் போக யார் இருக்கிறார்கள், கோயமுத்தூருக்கு யார் இருக்கிறார்கள்? எந்த ஊர் என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். அப்படி மாற்றினால் கையோடு தூக்க முடிகிற அளவில் பையும் இருக்க வேண்டும்.

ஃபைலில் என்னென்ன?

தாய் சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ரெண்டு ஜெராக்ஸ். ஒரு பேனா. நம்புங்கள், பேனாதான் கிடைக்காது.

ரத்த குரூப் சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். உங்களுக்கு நெகட்டிவ் குரூப், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். ஊசி அடுத்த குழந்தையைக் காப்பதற்கு. பிறந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறந்துவிடக்கூடிய ஒன்று என்பதால் துணைக்கு வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.

பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்குத் துணி வாங்கக்கூடாது என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்ய?

வாங்க வேண்டாம். எங்கம்மிச்சியும், அதாவது அம்மாவைப் பெற்றவரும், இதையே சொல்வார், "பழசுதான் சாமி பிள்ளைக்கு மெத்துனு இருக்கும்." பழைய பருத்தி வேட்டி நாலு எடுத்து, ஒவ்வொன்றையும் சுமார் ஒரு மீட்டர் சதுரமாகக் கிழித்து, கரையை வெட்டி எறிந்துவிடுங்கள். ஜரிகையும் தடித்த ஓரமும் கன்னத்தில் உரசும். வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, சுத்தமான கவரில் கட்டிவிடுங்கள். மாமியாருக்கும் திருப்தி, குழந்தைக்கும் சுகம். கடையில் வாங்கும் ஜப்லாவை (குழந்தைச் சட்டையை)ப் பிறந்தபிறகு மாமனாரை விட்டு வாங்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே. முன்பே வாங்குகிற வீட்டில் ஒருதரம் துவைத்துவிட்டுப் போடுங்கள். புதுத்துணிக் கஞ்சியும் சாயமும் குழந்தைத் தோலுக்கு ஆகாது.

எத்தனை துணி வேண்டும்?

எந்த மாசம் என்பதைப் பொறுத்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் நம் பக்கம் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. அந்த மழையில் இருபது துண்டு இருந்தாலும் பத்தாது, கூடப் பத்துப் பதினைந்து டயப்பர் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாசங்களில் பன்னிரண்டு போதும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று ஜன்னலோரக் கட்டிலை உலுக்கிவிடும். தொப்பி, சாக்ஸ், கொஞ்சம் தடித்த போர்வை ஒன்று வையுங்கள். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அதே தொப்பியும் போர்வையும் போட்டுக் குழந்தையை அவித்துவிடாதீர்கள். பிறந்த முதல் சில மணி நேரம் எந்த மாசமானாலும் கதகதப்பு வேண்டும். அதற்கு அம்மாவின் மார்போடு தோல் தொடப் படுக்க வைப்பதைவிட நல்ல போர்வை கிடையாது.

தேன், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், பாட்டில்?

நான்கும் வேண்டாம். நம் வீடுகளில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைத்துச் சேனை வைப்பார்கள், மலையாளி வீடுகளில் வயம்பும் பொன்னும் தேனில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். வயம்பு என்பது நம் வசம்புதான், எல்லை தாண்டியதும் பேர் மட்டும் மாறுகிறது. ஒரு வயது வரை தேன் கூடாது. அதிலுள்ள கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் விஷமாக வளரக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டுமே. பால் ஊறவில்லையே என்று யாராவது பதறினால் நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் நாள் குழந்தையின் வயிறே ரொம்பச் சின்னது, ஒரு வேளைக்குக் கொஞ்சம் சீம்பாலே போதும்.

பாட்டியிடம் நேரே "கூடாது" என்றால் சண்டை வரும். எங்கள் வீட்டில் நாத்தனார் கண்டுபிடித்த வழி: "டாக்டர் ஐயா கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க அத்தை." எல்லாப் பழியும் டாக்டர் தலையில். மையும் பவுடரும்கூட இதே கணக்குதான்.

எனக்கு என்னென்ன?

முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு, அடர் நிறத்தில். வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிய பருத்தி உள்ளாடை ஆறு. பெரிய பேட் ரெண்டு பாக்கெட். முதல் ரெண்டு நாள் சாதாரண பேட் தாங்காது. பால் கொடுக்கும் பிரா ரெண்டு, ஒரு தோர்த்து. கேரளத்து மெல்லிய துண்டைத்தான் சொல்கிறேன். டர்க்கி டவல் ஒரு நாள் முழுக்க ஈரமாகவே தொங்கும், தோர்த்து அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். வழுக்காத ரப்பர் செருப்பு, தலைக்கு ரெண்டு ரப்பர் பேண்ட், சோப்பு, பிரஷ். தைராய்டு, பிரஷர் என்று தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அட்டையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். லேகியமும் அப்படியே, தையல் ஆறும்வரை பொறுக்கட்டும்.

வளைகாப்பு வளையல், தாலி, மருதாணி?

வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பிரசவம் வரை கழற்றக்கூடாது என்று என் கையில் ரெண்டு பக்கமும் டஜன் கணக்கில் கண்ணாடி வளையல். கை வீங்கியிருக்கிறது, நர்ஸ் ஊசி குத்த நரம்பு தேடுகிறார், வளையல் வந்து வந்து விழுகிறது. கடைசியில் சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாக உருவினோம். அடுத்த வலி வருவதற்குள் மூன்று, அதற்கடுத்த வலிக்குள் ரெண்டு. சாஸ்திரத்துக்கு வேண்டுமானால் கைக்கு ஒன்று விட்டு, அதையும் தேவைப்பட்டால் கழற்ற வருகிற மாதிரி வையுங்கள்.

தங்கத் தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு. ஆபரேஷன் தியேட்டருக்குள் அதையும் கழற்றச் சொல்லலாம். விரலில் மருதாணி, நகப்பாலிஷ் இரண்டும் வேண்டாம். விரல்நுனியில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

நர்ஸ் மலையாளத்தில் பேசினால் புரியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இது கேள்வியே இல்லை. பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து துணைக்கு வரும் அம்மாக்களுக்காகச் சொல்கிறேன். "சூடு வெள்ளம் உண்டோ" என்றால் வெந்நீர் இருக்கிறதா என்று கேட்கிறார், எங்கேயும் வெள்ளம் வரவில்லை. "வேதன உண்டோ" என்றால் வலி இருக்கிறதா. "குஞ்ஞினெ பொதியான் துணி" என்றால் குழந்தையைச் சுற்றும் துணி. குழந்தையைக் "குட்டி" என்பார்கள், கோபப்படாதீர்கள். "பைஸ்டாண்டர் ஆரா?" என்றால் கூட இருப்பவர் யார் என்று அர்த்தம், கேரளத்து ஆஸ்பத்திரி முழுக்க அந்தச் சொல்தான். முக்கு என்பது மட்டும் ரெண்டு மொழியிலும் முக்குதான்.

பதிவுச் சீட்டில் "வீட்டுப்பேர்" கேட்பார்கள். நம் வீடுகளுக்கு ஏது பேர்? என் வீட்டுக்காரர் விழித்து நின்று, கடைசியில் தோட்டத்தின் பேரைச் சொன்னார். ஆதாரில் என்ன முகவரி இருக்கிறதோ அதையே சொல்லுங்கள், இல்லையென்றால் பின்னால் திருத்த அலைச்சல்.

கூட இருப்பவருக்குத் தனிப் பை வேண்டுமா?

கட்டாயம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பாய், போர்வை, மாற்றுத் துணி, அவருடைய பிரஷர், சுகர் மாத்திரை. பிரசவ வார்டில் பெரும்பாலும் பெண்கள்தான் தங்க முடியும், அதனால் அம்மாவோ மாமியாரோ ராத்திரி முழுக்கத் தரையில் படுப்பார்கள். நீளமான சார்ஜர் வயர், ஒரு வாளி, ஒரு மக்கு, குப்பைக்குக் கவர், துணி காயப்போட நைலான் கயிறு, நாலு கிளிப். ஒரு சின்னத் தாளில் எல்லாருடைய போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். அவருடைய போனில் "மருமகன்" என்று ஒரே நம்பர் இருக்கும், அதுவும் ஸ்விட்ச் ஆஃப்.

சாப்பாட்டுக்கு?

பிளாஸ்க், ரெண்டு டம்ளர், தட்டு, ஸ்பூன். பிரெட், பேரீச்சை. வலி வரும்போது குடிக்கலாமா, சாப்பிடலாமா என்பதை லேபர் ரூமில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பெற்றபின் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று யாராவது சொம்பைப் பிடுங்கினால் விட்டுக்கொடுக்காதீர்கள். பால் ஊற வேண்டியது அந்தத் தண்ணீரில்தான்.

கணவர் என்ன செய்ய வேண்டும்?

வண்டி. 108 ரெண்டு மாநிலத்திலும் இலவசம்தான், ஆனாலும் ராத்திரி கூப்பிட்டால் வருகிற ரெண்டு டிரைவர் நம்பராவது கையில் இருக்கட்டும். விடியற்காலையில் சித்தூர்ப் பக்கக் கள்ளு வண்டிகள் பறக்கிற ரோட்டில் வலியோடு இருப்பவளை பைக்கில் ஏற்றக்கூடாது. ரத்தம் கொடுக்க ரெண்டு பேரைத் தயாராக வைக்க வேண்டும். பத்து, இருபது, நூறு நோட்டாகக் கொஞ்சம் பணம். டவர் இல்லாத மூலையில் போன்பே வேலை செய்யாது. பிறகு வெளியே நின்று எல்லோருக்கும் போன் போட்டு "இன்னும் ஆகல" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

தலைப்பிரசவத்தில் வலி 5 நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் வரை நின்று, ஒரு மணி நேரமாக அப்படியே தொடர்ந்தால் கிளம்புங்கள். ரெண்டாவது குழந்தை என்றாலோ ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். உடைந்த மணியையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு என்றால் பையைக்கூடத் தேடாதீர்கள். ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், பை பின்னால் வரட்டும்.

சிசேரியன் என்றால்?

அதே பைதான், நாள் கூடும். வீட்டிலிருக்கும் மூன்றாவது பையை வரச் சொல்லுங்கள். தையலில் உரசாத நைட்டி போதும், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியாது. வயிற்று பெல்ட்டை டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எதைச் சரிபார்க்க வேண்டும்?

பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள்காமாலை ஊசி மூன்றும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஊசிகள் 6, 10, 14 வாரத்தில். அந்த அட்டவணை ரெண்டு மாநிலத்திலும் ஒன்றுதான், அட்டையைக் காட்டினால் எந்தப் பக்கமும் போடுவார்கள். கேரள அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிட மாத்ருயானம் வண்டி உண்டு, டாக்ஸி பிடிக்கும் முன் நர்ஸிடம் கேளுங்கள்.

பிறப்புச் சான்று எந்த மாநிலத்தில் வாங்குவது?

குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான். உங்கள் வீடு எங்கே என்பது பொருட்டில்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றுதான் ஆதாரம், அதனால் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது. அம்மா, அப்பா பேரை ஆதாரில் உள்ளபடியே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள், வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். என் மகளின் சீட்டில் என் வீட்டுக்காரரின் இனிஷியல் பேருக்குப் பின்னால் போயிருந்தது, அதைத் திருத்த அவர் மூன்று நாள் கூலியை விட்டார். குழந்தைக்குப் பேர் முடிவாகவில்லை என்றால் அவசரம் வேண்டாம். பேர் இல்லாமலே பதிந்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். ரெண்டு பக்கத்துப் பாட்டிகளும் ஒத்துவர அதற்குமேல் ஆனால் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.